முந்தையவர் விட்டுப்போன சர்வர்: எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: வணக்கம் சார். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் சில மாதங்களுக்கு முன்பு சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்தேன். எனக்கு முன்பு இருந்தவர் எதையும் எழுதி வைக்காமல் வேலையை விட்டுப் போய்விட்டார். இருப்பது ஒரே ஒரு சர்வர், விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. டேலி (கணக்கு மென்பொருள்), ஈஆர்பி (ஆர்டர், சரக்கு, உற்பத்தியைக் கவனிக்கும் மென்பொருள்), எல்லாத் துறைகளின் ஷேர் ஃபோல்டர்கள் என்று அனைத்தும் அதில்தான். நான்கு டிபி டிஸ்க் நிரம்பிவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை ஈஆர்பி நின்றுபோகிறது. நான் எதையாவது கொஞ்சம் அழித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 'நியூ ஃபோல்டர் 2', 'ஓல்டு', 'ஓல்டு ஓல்டு', வெறும் நம்பர் பெயரில் ஃபோல்டர்கள், கல்யாண வீடியோ என்று என்னென்னவோ கிடக்கிறது. யாரைக் கேட்டாலும் "எல்லாம் வேணும்" என்கிறார்கள். முதலாளி "தேவையில்லாததை எல்லாம் இந்த மாசத்துக்குள்ள அழிச்சுடு தம்பி" என்று சொல்லிவிட்டார். முக்கியமான எதையாவது அழித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, உங்கள் பயத்தைக் குறையாக நினைக்காதீர்கள். அந்தப் பயம் இல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

முதலாளி சொன்ன அந்த ஒரு வரிக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, சர்வரில் இடம் உண்டாக்குவது. இன்னொன்று, கோப்புகளை அழிப்பது. அவருக்கு உண்மையில் வேண்டியது முதலாவது: ஷிப்மென்ட் நேரத்தில் ஈஆர்பி நிற்கக்கூடாது. அழித்தால்தான் இடம் வரும் என்று நினைப்பதால் இரண்டாவதைச் சொல்கிறார். இடத்தை இந்த மாதத்துக்குள் உண்டாக்கிவிட முடியும். அழிப்பதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், ஆகத்தான் வேண்டும். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். இந்தப் பதில் முழுக்க நான் சொல்லப்போவது இதைச் சுற்றித்தான்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். வாராவாரம் எதையாவது அழித்து ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். நெட்வொர்க் ஷேர் வழியாக ஒரு கோப்பை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, அத்தோடு போய்விடும். இதுவரை அழித்ததில் நினைவில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த டிரைவில் ஷேடோ காப்பி (கோப்புகளின் பழைய பதிப்புகளை விண்டோஸே சேமித்து வைக்கும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால், ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'பிரீவியஸ் வெர்ஷன்ஸ்' பாருங்கள். அழித்ததில் சில அங்கே இன்னும் இருக்கலாம்.

அடுத்தது பேக்கப். "ரெய்டு போட்டிருக்கிறது, போதாதா?" என்று கேட்கலாம். போதாது. ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து வைப்பது, ஒரு டிஸ்க் பழுதானால் காப்பாற்றும். நீங்கள் தவறாக ஒன்றை அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். வெளிப்புற ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் பேக்கிங் நின்றால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டுச் சொன்னால் முதலாளி மறுக்கமாட்டார். ஒரு டிஸ்க்கில் சர்வர் முழுவதையும் நகலெடுத்து, அதை சர்வர் ரூமில் வைக்காமல் வேறு கட்டடத்தில் பூட்டி வையுங்கள். இரண்டாவது டிஸ்க் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

நகலெடுத்தால் மட்டும் வேலை முடியவில்லை, திறந்து பார்க்க வேண்டும். கிட்லேப் நிறுவனத்துக்கு நடந்தது தெரியுமா? 2017 ஜனவரி 31 அன்று, ஒரு பொறியாளர் துணை சர்வரில் இருக்கும் ஃபோல்டரை அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் தெரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அது பல நாட்களாகவே ஓடியிருக்கவில்லை. "பேக்கப் தோல்வி" என்று போக வேண்டிய மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகல் கிடைத்ததால் மீண்டார்கள். உலகம் முழுக்க நிரலாளர்கள் நம்பி இருக்கும் ஒரு நிறுவனத்துக்கே இந்த நிலை. அவர்கள் அதை மறைக்காமல் முழுக்க வெளியிட்டார்கள். அதற்காக அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆகவே ஒவ்வொரு துறையிலிருந்தும் சில கோப்புகளை நகலிலிருந்து எடுத்து வேறு ஒரு கணினியில் திறந்து பாருங்கள். டேலியின் பேக்கப்பை இன்னொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து, கணக்காளரைக் கூப்பிட்டு டிரயல் பேலன்ஸ் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஈஆர்பியின் டேட்டாபேஸுக்கும் அப்படியே. அது முடியும்வரை சர்வரில் எதையும் அழிக்க வேண்டாம்.

நகலெடுக்க மவுஸால் இழுத்துப் போடாதீர்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று பாதை 260 எழுத்தைத் தாண்டினால் எக்ஸ்ப்ளோரர் திணறும். கோப்பு உருவான தேதியும் மாறிவிடும். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பியைப் பயன்படுத்துங்கள். அதற்கான ஆப்ஷனைச் சேர்த்துக் கொடுத்தால் தேதி, அனுமதிகள் எல்லாவற்றோடும் எடுத்துத் தரும். அதில் 'மிரர்' என்ற ஆப்ஷன் மட்டும் வேண்டாம். எங்கிருந்து, எங்கே என்ற இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால், காலி டிஸ்க்கைப் பார்த்து சர்வரையும் அது காலி செய்துவிடும்.

சரி, இப்போது இடம். வின்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளை அட்மின் உரிமையோடு ஓட்டுங்கள். எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று படமாகக் காட்டும். உங்களுக்கே அனுமதி இல்லாத ஃபோல்டர்களின் அளவு அதில் வராது, அதை மட்டும் மனதில் வையுங்கள். நான் போய்ப் பார்த்த அலுவலகங்களில் பெரும்பாலும் இடத்தைத் தின்பது ஊழியர்களின் எக்செல், வேர்டு கோப்புகள் இல்லை. இயந்திரங்கள் தாமாகவே எழுதித் தள்ளுவதுதான்.

உங்கள் ஈஆர்பி நிற்கும் விதத்தைப் பார்த்தால், முதல் சந்தேகம் அதன் டேட்டாபேஸை நடத்தும் எஸ்க்யூஎல் சர்வர் மேல். யாரோ ஒருவர் தினமும் ராத்திரி முழு பேக்கப் எடுக்க ஏற்பாடு செய்திருப்பார். பழையதை நீக்க ஏற்பாடு செய்திருக்க மாட்டார். அதே டிஸ்க்கில் வருடக்கணக்காகப் பேக்கப்கள் அடுக்கிக் கிடக்கும். சமீபத்திய ஒன்றை வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து ஓடுகிறது என்று உறுதியான பிறகு, கடைசி இரண்டு வாரத்தின் தினசரி நகல்கள், ஒவ்வொரு மாதக் கடைசி நகல், ஒவ்வொரு மார்ச் 31 நகல் ஆகியவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாம். மார்ச் 31 நகல்கள் வெளி டிஸ்க்கிலும் இருக்கட்டும். டேட்டாபேஸ் பக்கத்திலேயே .எல்டிஎஃப் என்று ஒரு பெரிய கோப்பும் இருக்கும். பெயரில் லாக் என்று பார்த்ததும் 'லாக்தானே, அழிக்கலாம்' என்று தோன்றும். தொடவே கூடாது. அது டேட்டாபேஸின் உயிருள்ள பகுதி. ரெக்கவரி மாடல் (லாக்கை எவ்வளவு வைத்திருப்பது என்ற அமைப்பு) 'ஃபுல்' என்று இருந்து, லாக் பேக்கப் எடுக்காமல் விட்டால் அது வளர்ந்துகொண்டே போகும். லாக் பேக்கப்பை ஒழுங்காக எடுக்க ஏற்பாடு செய்துவிட்டு, பிறகு சுருக்க வேண்டும். ஈஆர்பி கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டு அவர்கள் முன்னிலையில் செய்யுங்கள்.

ஈஆர்பி பிரவுசரில் ஓடுவதாக இருந்தால் ஐஐஎஸ் (விண்டோஸின் வெப் சர்வர்) தன் லாக்குகளை சி டிரைவில் இன்ட்பப் ஃபோல்டருக்குள் எழுதிக்கொண்டே இருக்கும். தானாக அழிக்காது. அவற்றில் பழையதை அழிக்கலாம். அப்புறம் சிசிடிவி. டிவிஆரிலிருந்து எப்போதோ ஒரு திருட்டு விசாரணைக்காக எடுத்த பதிவுகள் சர்வரிலேயே தங்கிப்போயிருக்கும். அவை பற்றி எச்ஆர் அதிகாரியிடம் கேட்டு முடிவெடுங்கள். ஷேடோ காப்பிக்கு எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறது என்றும் பாருங்கள். வரம்பே இல்லாமல் விட்டிருந்தால் கணிசமான இடத்தை அது வைத்திருக்கும். ஆனால் வரம்பைக் குறைத்த உடனே பழைய நகல்கள் போய்விடும். நீங்கள் அழித்தவற்றை மீட்க அதுதான் ஒரே வழி என்பதால், மீட்பு வேலையை முடித்துவிட்டு அதில் கை வையுங்கள்.

ஸ்கேனரையும் ஒரு பார்வை பாருங்கள். சாதாரண பில்லைக் கலரில் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யும்படி அமைத்திருந்தால், கருப்பு வெள்ளையில் 200 அல்லது 300க்கு மாற்றிவிடுங்கள். பழையதை ஒன்றும் செய்ய வேண்டாம். இனி வருவது சின்னதாக வரும்.

இந்தக் கட்டத்திலேயே, எந்த ஊழியரின் கோப்பையும் தொடாமல், மூச்சு விடும் அளவுக்கு இடம் கிடைத்துவிடும் என்பது என் எதிர்பார்ப்பு. முதலாளியின் மாதக் கெடுவுக்கு இதுவே போதும்.

இனி, பார்த்தால் குப்பை போலவும் உள்ளே உயிராகவும் இருப்பவை. இதைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்', 'இன்ஸ்டாலர்' என்று இரண்டு பெரிய ஃபோல்டர்கள் தெரியும். இரண்டிலும் கையால் எதையும் அழிக்கக் கூடாது. வின்எஸ்எக்ஸ்எஸ் காட்டும் அளவு உண்மையான அளவு இல்லை. ஒரே கோப்பு இரண்டு இடத்தில் கணக்கில் வருவதால் பெரிதாகத் தெரிகிறது. அதைச் சுருக்க டிஸம் என்ற விண்டோஸின் சொந்தக் கருவி இருக்கிறது, அதன் வழியாக மட்டும் செய்யுங்கள். இன்ஸ்டாலர் ஃபோல்டரைக் காலி செய்தால், பின்னால் ஒரு மென்பொருளை நீக்கவோ புதுப்பிக்கவோ முயலும்போது முடியாமல் போகும்.

வெறும் நம்பர் பெயரில் ஃபோல்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். 10000, 10003 என்கிற மாதிரி ஐந்து இலக்கமா? உள்ளே .900 என்று முடியும் கோப்புகளா? அப்படியென்றால் அது டேலி. ஒவ்வொரு நம்பரும் ஒரு கம்பெனி. வருடம் பிரித்து வைத்திருந்தால் ஒவ்வொரு காலகட்டமும் தனி நம்பரில் இருக்கும். ஒரு நிறுவனத்தில், பயன்படுத்தாத சிஸ்டர் கன்சர்னின் கணக்கு இப்படி ஒரு நம்பர் ஃபோல்டரில் கிடந்து, 'டெம்பரரி' என்று நினைத்து நீக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்த அன்றுதான் அது காணோம் என்று தெரிந்தது. அதனால் கணக்காளரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு நம்பரையும் டேலியில் திறந்து, எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை, வருடக்கணக்கில் உபயோகப்படும்.

எம்பிராய்டரி பிரிவு இருந்தால் ஒரே டிசைனுக்கு .ஈஎம்பி, .டிஎஸ்டி என்று இரண்டு கோப்புகள் இருக்கும். பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்று போதும் என்று தோன்றும். டிஎஸ்டியில் ஊசி எங்கே போக வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கிறது. டிசைனை அளவு மாற்ற, திருத்த வேண்டுமென்றால் ஈஎம்பிதான் வேண்டும். பையர் அடுத்த சீசனில் அதே லோகோவைக் கொஞ்சம் பெரிதாகக் கேட்டால், ஈஎம்பி இல்லாதவர்கள் மறுபடியும் பஞ்ச்சிங்குக்கு (டிசைனை மெஷினுக்கேற்ற கோப்பாக்கும் வேலைக்கு) காசு கொடுக்க வேண்டியிருக்கும். பேட்டர்ன், மார்க்கர் கோப்புகளுக்கும் இதே எச்சரிக்கை. அந்த மென்பொருளை இயக்குபவரைக் கேட்காமல் எக்ஸ்டென்ஷனைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

'ஃபான்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள். தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரநிலையாக அறிவித்தாலும், ஆலைகளின் தமிழ் அறிவிப்புகள், தொழிலாளர்களுக்கான விதிமுறைகள் எல்லாம் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த வேர்டு கோப்புகளாகவே இன்னும் இருக்கின்றன. அந்த எழுத்துரு போனால் கோப்பு இருந்தும் படிக்க முடியாது.

வேலையை விட்டுப்போனவர்களின் யூசர் ஃபோல்டர்களை அழிக்கும் முன், உள்ளே .பிஎஸ்டி (அவுட்லுக்கின் மின்னஞ்சல் சேமிப்புக் கோப்பு) இருக்கிறதா என்று தேடுங்கள். பாப்3 முறையில் (மெயிலைக் கணினிக்கே இறக்கிவிடும் முறை) அவுட்லுக் வைத்திருந்த அலுவலகங்களில், பையரோடு நடந்த மொத்தக் கடிதப் போக்குவரத்தும் அந்த ஒரு பிஎஸ்டியில் மட்டும்தான் இருக்கும். மெயில் சர்வரில் பிரதி இருக்காது. பையர் கிளெய்ம் போட்டு, 'இந்த ஷேடுக்கு நீங்கள்தானே ஒப்புதல் தந்தீர்கள்' என்று காட்ட வேண்டி வந்தால் அதுதான் சாட்சி. .ஓஎஸ்டி என்பது பெரும்பாலும் மெயில் சர்வரில் இருப்பதன் நகல். அந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு அழிக்கலாம். ப்ரொஃபைலை நீக்கும்போது ஃபோல்டரை நேரடியாக அழிக்காமல் சிஸ்டம் அமைப்புகளில் உள்ள யூசர் ப்ரொஃபைல்ஸ் வழியாக நீக்குங்கள்.

டெஸ்க்டாப்பில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்ன பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) இருக்கலாம். டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து பார்க்காமல் அதை நீக்காதீர்கள். முந்தையவர் ராத்திரி பேக்கப்பை அதை வைத்தே ஓட்டியிருக்கக்கூடும். பயோமெட்ரிக் வருகைப்பதிவின் .எம்டிபி கோப்பும் அப்படித்தான், எங்கோ ஒரு மூலையில் யாரும் கவனிக்காமல் கிடக்கும். சம்பளக் கணக்குக்கு அதுதான் ஆதாரம்.

இதையெல்லாம் தாண்டினால் ஊழியர்களின் ஃபோல்டர்கள். "எல்லாம் வேணும்" என்று அவர்கள் சொல்வதில் ஆச்சரியமில்லை. "இது வேணுமா?" என்று கேட்டால் யாரும் "வேண்டாம்" என்று சொல்லிப் பொறுப்பேற்க மாட்டார்கள். நான் கேட்கும் கேள்வி வேறு: "இந்த ஃபோல்டர் காணாமல் போனால் முதலில் யார் என்னைக் கூப்பிடுவார்கள்?" அந்தப் பெயர்தான் அதன் உரிமையாளர். கோப்பு கோப்பாகக் கேட்காதீர்கள், பெரிய ஃபோல்டர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எக்செலில் ஃபோல்டர் பெயர், அளவு, கடைசியாக மாற்றிய தேதி, யாருடையது, என்ன முடிவு என்று போட்டு, ஒவ்வொரு துறைத் தலைவரிடமும் அவருடைய வரிகளை மட்டும் காட்டுங்கள். மெர்ச்சண்டைசர்களிடம் ஷிப்மென்ட் நெருக்கத்தில் போகாதீர்கள். ஒரு ஆர்டர் கப்பல் ஏறிய மறுநாள் போங்கள், நிதானமாகப் பேசுவார்கள்.

தேதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடைசியாக 'திறந்த' தேதியை நம்பாதீர்கள். விஸ்டா, சர்வர் 2008 காலத்திலிருந்தே விண்டோஸ் அதைப் பதிவது இயல்பாக நிறுத்தப்பட்டிருக்கிறது. தினமும் திறந்து படிக்கிற கோப்புகூட, பல வருடமாக யாரும் தொடாதது போலத் தெரியும். கடைசியாக 'மாற்றிய' தேதி மட்டும் நம்பக்கூடியது. அதுவும் ஒரு தகவல்தான், தீர்ப்பு இல்லை.

யாருமே உரிமை கோராத ஃபோல்டர்கள் நிறைய மிஞ்சும். இங்கேதான் அந்த இரண்டாவது டிஸ்க். அவற்றை அதே ஃபோல்டர் அமைப்போடு அந்த டிஸ்க்குக்கு நகர்த்தி, யாரும் எழுத முடியாதபடி, படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். பழைய இடத்தில் ஒரு நோட்பேட் கோப்பு வையுங்கள்: "இந்த ஃபோல்டர் இந்தத் தேதியில் இங்கே மாற்றப்பட்டது, வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடவும்." அதில் உங்கள் எக்ஸ்டென்ஷன் நம்பரும் இருக்கட்டும். நகர்த்தும் முன் அந்த ஃபோல்டரில் இப்போது யாராவது கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் 'ஓப்பன் ஃபைல்ஸ்' பாருங்கள். காஸ்டிங் எக்செல்கள் ஒன்றோடொன்று லிங்க் ஆகியிருக்கும். நூல் விலைப் பட்டியலை நகர்த்தினால் எல்லா காஸ்டிங் ஷீட்டிலும் லிங்க் அறுந்துபோகும். அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் நகர்த்தாமல், ஒரு துறை, ஒரு வாரம் என்று போங்கள். யார் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் உடனே எடுத்துக் கொடுங்கள். நகர்த்தியது திரும்பக் கிடைக்கும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், "எல்லாம் வேணும்" என்றவர்களே "அதையும் அங்கே போட்டுடுங்க தம்பி" என்பார்கள்.

எவ்வளவு நாள் அங்கே வைப்பது? ஒரு நிதியாண்டு முழுசாகச் சுற்றி வர வேண்டும். வருடத்துக்கு ஒரே ஒரு முறை தேவைப்படும் கோப்புகள் ஏற்றுமதி நிறுவனத்தில் ஏராளம். தீபாவளி போனஸ் கணக்கு, செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட், டிசம்பர் 31க்குள் ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்ன், பையர் அனுப்பும் சோஷியல் ஆடிட் (தொழிலாளர் நிலை பற்றிய தணிக்கை) என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பருவம் இருக்கிறது. பதினொரு மாதம் தொடாத கோப்பு, பன்னிரண்டாம் மாதம் அவசரமாகத் தேவைப்படும்.

அதற்குப் பிறகும் சட்டம் வைத்திருக்கச் சொல்பவை உண்டு. நிறுவனம் பிரைவேட் லிமிடெட் என்றால், கம்பெனிச் சட்டம் 2013இன் 128ஆம் பிரிவுப்படி கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் குறைந்தது 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். பார்ட்னர்ஷிப் என்றால் அது பொருந்தாது. ஜிஎஸ்டி இருவருக்கும் பொருந்தும். சிஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் என்கிறது. 2024-25 நிதியாண்டை எடுத்துக்கொண்டால், ஆண்டு ரிட்டர்னுக்கு 2025 டிசம்பர் 31, அதிலிருந்து 72 மாதம் என்றால் 2031 டிசம்பர் 31 வரை. மேல்முறையீடோ விசாரணையோ நடந்துகொண்டிருந்தால், அது முடிந்து ஒரு வருடம் வரை அல்லது அந்த 72 மாதம் வரை, எது பிந்தியதோ அதுவரை. ஆகவே கணக்கு, ஷிப்பிங் பில், வங்கி ஆவணங்கள், சம்பளப் பதிவேடு எதுவாக இருந்தாலும் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து, எதை எந்த வருடம் வரை வைக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். வழக்கு ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

தேடும்போது தொழிலாளர்களின் ஆதார் நகல், பாஸ்புக், மருத்துவச் சான்று எல்லாம் யார் வேண்டுமானாலும் திறக்கும் ஷேரில் கிடப்பதைப் பார்ப்பீர்கள். அவற்றை அழிப்பதற்கு முன்னால் பூட்டுங்கள், எச்ஆர் தவிர வேறு யாருக்கும் அனுமதி வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்திருக்கிறது. சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அக்காமார்கள் நம்மை நம்பிக் கொடுத்த காகிதங்கள் அவை என்பது. அந்தக் கல்யாண வீடியோ யாருடையது என்று விசாரித்து, பென் டிரைவில் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு நீக்குங்கள். யாருடைய தனிப்பட்ட கோப்பையும் திறந்து பார்க்க வேண்டாம். அளவும் பெயரும் போதும்.

முந்தையவரை ஒருமுறை போனில் கூப்பிடுங்கள். குறை சொல்ல வேண்டாம். உதவிக்கு ஆள் இல்லாமல் ஒற்றை ஆளாகச் சமாளித்தவராகத்தான் இருப்பார். எந்தெந்த வேலை தானாக ஓடும்படி வைத்திருந்தார், எந்த மென்பொருளின் லைசென்ஸ் எங்கே இருக்கிறது, வேறு எங்காவது பேக்கப் இருக்கிறதா என்று மூன்று கேள்வி போதும். பெரும்பாலானவர்கள் மரியாதையாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் சர்வரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வர் 2012 ஆர்2க்கு மைக்ரோசாஃப்டின் நீட்டிக்கப்பட்ட ஆதரவும் 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசமாக வருவதில்லை. ஆக, இந்த வருடமோ அடுத்த வருடமோ புதிய சர்வர் வாங்கியே ஆக வேண்டும். சொல்லப்போனால் உங்களுக்கு இது நல்ல வாய்ப்பு. பழைய சர்வருக்குள் இருந்துகொண்டே எல்லாவற்றையும் சுத்தம் செய்து முடிக்க வேண்டிய அவசியமில்லை. புதிய சர்வரில் பையர், வருடம், ஸ்டைல் என்று ஃபோல்டர்களை ஒழுங்காக அமைத்து, உரிமையாளர் பெயர் சொன்ன ஃபோல்டர்களை மட்டும் அங்கே கொண்டுபோங்கள். வீடு மாறும்போது பரணில் கிடப்பதைக் கீழே இறக்கி, வேண்டியதை மட்டும் வண்டியில் ஏற்றுவது போல. பழைய டிஸ்க்குகளைக் கழற்றி, லேபிள் ஒட்டி, பீரோவில் வையுங்கள். புதியதில் ஆரம்பத்திலேயே கோட்டா (ஒவ்வொரு ஃபோல்டருக்கும் இட வரம்பு) போட்டுவிடுங்கள், அதற்கு விண்டோஸ் சர்வரிலேயே ஃபைல் சர்வர் ரிசோர்ஸ் மேனேஜர் இருக்கிறது. துறைகளுக்கிடையே கோப்பு மாற்றிக்கொள்ள ஒரு பொது ஃபோல்டர் வைத்து, அது ஒவ்வொரு ஞாயிறும் காலியாகும் என்று முதல் நாளிலேயே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, முதலாளி. வாயால் சொன்ன "அழிச்சுடு" என்பதை வைத்துக்கொண்டு எதையும் செய்ய வேண்டாம். பிரச்சினை வந்தால் உத்தரவு மறந்துபோகும், உங்கள் பெயர் மட்டும் நிற்கும். இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்:

"ஐயா, நீங்கள் சொன்னபடி சர்வரில் இடம் உண்டாக்கும் வேலையைத் தொடங்குகிறேன். இந்த மாதத்துக்குள் பழைய பேக்கப், லாக் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி இடம் மீட்டுத் தருகிறேன். துறைகளின் ஃபோல்டர்களை உடனே அழிக்காமல், தனி டிஸ்க்குக்கு மாற்றி ஒரு நிதியாண்டு வைத்திருக்கிறேன். அதன் பிறகு துறைத் தலைவர், ஆடிட்டர், நீங்கள் மூவரும் சம்மதித்தவற்றை மட்டும் நீக்குகிறேன். இதற்கு இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் தேவை. ஒப்புதல் தரவும்."

"சரி" என்று ஒரு வார்த்தைப் பதில் வந்தாலும் போதும். அதன் நகலைக் கணக்காளருக்கும் அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை பேக்கப்பில் ஆரம்பியுங்கள். டேலி நம்பர் ஃபோல்டர்களில் எது எந்தக் கம்பெனி என்று சந்தேகம் இருந்தால், உள்ளே இருக்கும் கோப்புப் பெயர்களை எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.